மாலை ஆறு மணிக்கு வாசலில் யார்?

இங்கிலாந்தில் பெரும்பாலான நர்சரிகள் மாலை ஆறு மணிக்கோ ஆறரைக்கோ கதவை மூடிவிடும். அதற்கு மேலும் குழந்தையை வைத்திருக்க நேர்ந்தால் இத்தனை நிமிடத்துக்கு இவ்வளவு என்று தண்டம் வசூலிக்கும் நர்சரிகள் ஏராளம். வேலை லண்டனில், வீடு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறு நகரத்தில் என்று வாழும் இளம் குடும்பத்தின் நாள் முழுவதும் இந்த ஆறு மணியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து மணிக்கு அலுவலக மேசையை விட்டு எழுபவர் சுரங்க ரயிலில் கிங்ஸ் கிராஸ் வந்துசேர இருபது நிமிடம். அடுத்த விரைவு ரயிலுக்குப் பத்து நிமிடக் காத்திருப்பு. பயணம் முப்பத்தைந்து நிமிடம். இறங்கி நர்சரிக்குப் பதினைந்து நிமிட நடை. மணி ஆறு இருபது ஆகிவிடும். கதவு மூடும் முன் பதறாமல் போய்ச் சேர வேண்டுமானால் நாலரைக்கே எழ வேண்டும். தினமும் நாலரைக்கு எழுந்து போகிறவரை அலுவலகம் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பது வேறு கேள்வி.

வீட்டு விற்பனை விளம்பரத்தில் இந்தக் கணக்கு வருவதில்லை. லண்டனுக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். சின்னக் குழந்தைகளோடு லண்டனை விட்டுச் சந்தை நகரங்களுக்குக் குடிபெயர்வது பிரிட்டிஷ் நடுத்தர வர்க்கத்துக்கு ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதைப் பற்றிய பேச்சு வீட்டு விலை, தோட்டம், பள்ளி, காலை ரயில் என்றே சுற்றி வருகிறது. இந்த இடமாற்றத்தில் குடும்பம் இடத்தை வாங்கி நேரத்தைக் கொடுக்கிறது. கணவனும் மனைவியும் அந்த நேரத்தைச் சமமாகக் கொடுப்பதில்லை. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் உள்ள ஹிட்சின் என்ற ஊரை வைத்து இதைப் பார்க்கலாம். சுமார் 35,000 பேர் வாழும் ஊர் அது.

இருட்டுமுன் வீடு திரும்பும் ஊர்

சந்தை நகரம் என்றால் இன்றைய ஆங்கிலேயரின் மனத்தில் கல் பாவிய சதுக்கமும் பழைய தேவாலயமும் சனிக்கிழமைக் கடைகளும் தோன்றும். ஆனால் அது முதலில் ஒரு சட்டச் சொல். இடைக்கால இங்கிலாந்தில் நினைத்த இடத்தில் சந்தை கூட்டிவிட முடியாது. அரசரின் சாசனமோ நெடுங்கால வழக்கமோ வேண்டும். ஒரு சந்தையின் பிழைப்பைக் கெடுக்கும் தொலைவில் இன்னொரு சந்தை வரவும் கூடாது.

எது அந்தத் தொலைவு? 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஹென்றி டி பிராக்டனின் பெயரில் வழங்கும் நூல் இதற்கு ஒரு கணக்கு சொல்கிறது. ஒரு நாளின் நியாயமான நடை இருபது மைல். அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: காலையில் சந்தைக்குப் போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப ஒரு பங்கு. ஆகவே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தொலைவு, அதாவது இருபதில் மூன்றில் ஒரு பங்கு, சந்தையின் எல்லை. வீடு திரும்பும் நேரத்தையும் நாளின் கணக்கில் சேர்த்தே இந்த எல்லை வகுக்கப்பட்டது.

ஹிட்சினும் ஒரு சந்தை நகரமாக வளர்ந்ததுதான். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே பதிவேட்டில் அது அரசருக்குரிய நிலம். கம்பளி வணிகத்தில் வந்த செல்வம் செயின்ட் மேரி தேவாலயத்தை அந்த மாவட்டத்தின் பெரிய தேவாலயங்களில் ஒன்றாக்கியது. அதன் பின்புறம் ஹிஸ் என்ற சிற்றாறு ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே வைக்கோல் பின்னல் சந்தை பேர்போனது. தொப்பி செய்வதற்கான அந்தப் பின்னலைச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களும் குழந்தைகளும் வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் பின்னிக் கொண்டுவந்து விற்றார்கள். கடுமையான, கூலி குறைந்த உழைப்பு. குழந்தைகளின் விரல்களையும் விட்டுவைக்காத உழைப்பு. அதைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேலையும் குழந்தையும் ஒரே இடத்தில் இருந்தன.

ரயில் வந்த பிறகு

1850இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே ஹிட்சின் வழியாக ஓடத் தொடங்கியது. 1852இல் கிங்ஸ் கிராஸ் முனையம் திறந்தது. ரயில் நிலையம் பழைய சந்தைச் சதுக்கத்தை ஒட்டி அமையவில்லை. ஊருக்குக் கிழக்கே கால்மணி நடையில் அமைந்தது. இடைக்காலத்து ஊர்களில் ரயில் பெரும்பாலும் இப்படித்தான் ஓரமாக வந்து நின்றது. நூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு மழையில் நடப்பவருக்கு அந்தக் கால்மணி தூரம் ஒரு சொந்தப் பிரச்சினை.

ரயிலை நம்பி வந்துபோன ஹிட்சினின் முதல் பயணிகளில் ஒரு வகையினரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி வேண்டும் என்று போராடிய எமிலி டேவிஸ், 1869 அக்டோபரில் ஹிட்சினின் பென்ஸ்லோ ஹவுஸ் என்ற வாடகை வீட்டில் ஐந்து மாணவியருடன் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவில் ரயில் பாதையில் இருந்ததுதான் அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம். கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் ரயிலேறி வந்து பாடம் நடத்திவிட்டுத் திரும்பினார்கள். 1873இல் கல்லூரி கேம்பிரிட்ஜை ஒட்டிய கிர்டனுக்குப் போய் கிர்டன் கல்லூரி ஆயிற்று. படித்த பெண்ணின் வேலையைப் பயண தூரம் எப்படி நெருக்குகிறது என்று பேசும்போது, கேம்பிரிட்ஜின் முதல் பெண்கள் கல்லூரி இந்த ஊர் ரயில் நிலையத்தை நம்பித்தான் தொடங்கியது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தினமும் ஊர் விட்டு ஊர் போய் வேலை செய்பவரைக் குறிக்கும் கம்யூட்டர் என்ற சொல் அமெரிக்க ரயில் கணக்கிலிருந்து வந்தது. தினசரிக் கட்டணங்களைச் சேர்த்து ஒரே தொகையாகத் தள்ளுபடியில் மாற்றிக்கொடுத்த சீட்டு அங்கே கம்யூட்டேஷன் டிக்கெட். பிரிட்டனில் அதே சீட்டின் பெயர் சீசன் டிக்கெட். அந்தப் பெயரைத்தான் பிரிட்டிஷ் ரயில்வே சென்னைக்கும் கொண்டுவந்தது. அரக்கோணத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ஓடுகிறவர்கள் இன்றும் சீசன் எடுக்கிறார்கள். இரண்டு சீட்டுகளும் பணத்தில்தான் கழிவு தருகின்றன. நேரத்தில் கழிவு கிடையாது.

ஊரையும் வேலையையும் பிரிக்காமல் வைக்க வேண்டும் என்று கனவு கண்ட ஒருவரின் கைவண்ணம் ஹிட்சினின் பக்கத்திலேயே இருக்கிறது. எபனேசர் ஹோவர்டு 1898இல் தம் நூலில் விவரித்த தோட்ட நகரம் 1903இல் லெட்ச்வொர்த்தில் எழத் தொடங்கியது. நகரத்தின் வாய்ப்பும் கிராமத்தின் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், வீட்டிலிருந்து ஆலைக்கு நடந்தே போக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஹிட்சினுக்குத் தெற்கே உள்ள ஸ்டீவனேஜ், 1946இல் அரசு அறிவித்த முதல் புதுநகரம். அதற்கும் அதே இலக்கு. இன்று காலை ஏழரைக்கு இந்த மூன்று ஊர் நடைமேடைகளிலும் நிற்பவர்கள் ஒரே ரயிலுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

ஏறி இறங்கும் படிக்கட்டு

யார் இங்கே வருகிறார்கள்? புவியியலாளர் டோனி ஃபீல்டிங் 1992இல் எழுதிய கட்டுரையில் தென்கிழக்கு இங்கிலாந்தை எஸ்கலேட்டருக்கு ஒப்பிட்டார். இருபதுகளில் உள்ளவர்கள் லண்டனில் வந்து ஏறுகிறார்கள். மற்ற இடங்களைவிட வேகமாக வேலையில் உயர்கிறார்கள். பிறகு ஒரு கட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். நாட்டுக்குள் நடக்கும் இடப்பெயர்வுக் கணக்கிலும் இதுவே தெரிகிறது. இருபதுகளில் உள்ளவர்கள் லண்டனுக்குள் வருவதே அதிகம். முப்பதுகளைத் தாண்டியவர்களும் சிறு குழந்தைகளும் வெளியேறுவதே அதிகம். உள் லண்டனில் பிறப்பும் குறைந்து குடும்பங்களும் வெளியேறியதில் ஹாக்னி, லாம்பெத், சதர்க் பகுதிகளில் தொடக்கப் பள்ளிகள் மூடப்படுகின்றன, ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன.

இறங்குபவர்கள் ஏன் பக்கத்திலேயே இறங்காமல் ஐம்பது கிலோமீட்டர் தாண்டிப் போய் இறங்குகிறார்கள்? லண்டனைச் சுற்றியுள்ள பசுமை வளையம் இதற்கு முக்கியக் காரணம். 1938இல் ஒரு சட்டத்தோடு தொடங்கி, 1947இன் நகரமைப்புச் சட்டத்தால் வலுப்பெற்ற ஏற்பாடு அது. ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த நிலம், லண்டன் மாநகரப் பரப்பைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். அங்கே வீடு கட்டுவது அரிது. நகரம் பரவாமல் நின்றது. வீடு தேடியவர்கள் வளையத்தைத் தாண்டிக் குதித்தார்கள். பீட்டர் ஹால் தலைமையிலான ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட பெரும் ஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது: நிலத்தைக் காப்பாற்றிய திட்டம், வீட்டு விலையை ஏற்றி, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான தூரத்தை நீட்டிவிட்டது.

குடியேறுபவர்களின் மனநிலையை முதலில் கூர்ந்து பார்த்தவர் சமூகவியலாளர் ரே பால். 1960களில் அவர் ஆராய்ந்த இடம் இதே ஹெர்ட்ஃபோர்ட்ஷையர்தான். வந்தவர்கள் தங்கள் மனத்தில் ஒரு கிராமத்தைக் கட்டிக்கொண்டு, அதைத் தேடி வந்தார்கள் என்று அவர் கண்டார். அவர்கள் வருகையாலேயே விலை ஏறியது, பழைய குடிகளுக்கும் புதியவர்களுக்கும் இடையே வர்க்கக் கோடு விழுந்தது. உள்ளூர்க் கடைக்காரரின் மகளால் அதே ஊரில் வீடு வாங்க முடியாமல் போவது அப்போதே தொடங்கிவிட்ட கதை.

பள்ளிக்கு எத்தனை மீட்டர்?

குடிபெயரும் தேதியை முடிவு செய்வது பெரும்பாலும் பள்ளிதான். இங்கிலாந்தில் நான்கு வயது நிரம்பிய குழந்தை அடுத்த செப்டம்பரில் பள்ளியின் முதல் படியான ரிசப்ஷன் வகுப்பில் சேரலாம். ஆகஸ்ட் 31 அன்று பிறந்த குழந்தை, நான்கு முடிந்த மறுநாளே அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15. முடிவு தெரிவது ஏப்ரல் 16. நடுவில் வீடு மாறினால் தாமத விண்ணப்பம் என்ற வரிசையில் நிற்க நேரலாம். பள்ளி தொடங்கியபின் நடுவாண்டில் வருபவர்களுக்கு, எந்தப் பள்ளியில் இடம் காலியோ அந்தப் பள்ளிதான். மூத்தது ஒரு பள்ளி, இளையது ஊரின் மறுகோடியில் இன்னொரு பள்ளி என்று ஆகிவிட்டால், காலை எட்டே முக்காலுக்கு ஒரே தாய் இரண்டு வாசலில் நிற்க வேண்டும்.

நல்ல பெயரெடுத்த பள்ளியில் கேட்பவர் அதிகமானால், அக்கா அண்ணன் ஏற்கெனவே படிப்பது போன்ற முன்னுரிமைகளுக்குப் பிறகு வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள நேர்கோட்டுத் தொலைவே பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கிறது. 1998ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்டோர் வகுப்பில் 30 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. எனவே முப்பத்தோராவது குழந்தைக்காகப் பெஞ்சு நகர்த்த முடியாது. கல்வித் துறை 2017இல் வெளியிட்ட ஆய்வில், தரவரிசையில் உச்சியில் உள்ள பத்து சதவீதத் தொடக்கப் பள்ளிகளின் அருகே வீட்டு விலை சுற்றுவட்டாரத்தைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் வீட்டுக் கடனில் அது தவணையாக ஒளிந்திருக்கிறது.

இந்த மீட்டர் கணக்கு எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 2008இல் பூல் நகராட்சி, ஒரு குடும்பம் சொன்ன முகவரியில்தான் வாழ்கிறதா என்று அறிய, பெருங்குற்றங்களைத் துப்பறிவதற்கான சட்ட அதிகாரத்தைக் கொண்டு ஏறக்குறைய மூன்று வாரம் அவர்களை ரகசியமாகப் பின்தொடர்ந்தது. அது சட்ட விரோதம் என்று 2010இல் தீர்ப்பாயம் சொன்னது.

இந்த இடத்தில் ஹிட்சினின் குவீன் தெருவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். 1810இல் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. 1837இல் கட்டிய அதன் பெரிய வகுப்பறையில் 300 சிறுவர்களுக்கு ஒரே ஆசிரியர். ஜோசப் லங்காஸ்டர் வகுத்த முறை அது: மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தர, ஆசிரியர் மேற்பார்வை பார்ப்பார். அந்தக் காலத்து லங்காஸ்டர் வகுப்பறைகளில் முழுமையாக எஞ்சியிருப்பது இதுதான் என்கிறார்கள். லங்காஸ்டரோடு போட்டியிட்ட ஆண்ட்ரூ பெல் இதே வகையிலான முறைக்கு மெட்ராஸ் முறை என்று பெயர் வைத்தார். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்தியபோது, உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு பற்றிக்கொண்டது அது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் தூரத்து உறவினர் ஹிட்சினில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் பெரிய பிழையில்லை. ஒரு வாத்தியாருக்கு 300 பேர் என்ற கூடத்திலிருந்து, 31 பேர் கூடாது என்ற சட்டம் வரை இங்கிலாந்து நடந்து வந்திருக்கிறது. அந்த 30 இடங்களுக்கான போட்டிதான் இன்று வீட்டு விலையாகியிருக்கிறது.

நேரத்தை யார் கட்டுகிறார்?

இனி செலவுக் கணக்கு. வேலை பார்க்கும் பெற்றோரின் குழந்தைக்கு ஒன்பது மாதம் முதல் வாரம் 30 மணி நேரப் பராமரிப்புக்கு அரசு பணம் தரும் திட்டம் 2025 செப்டம்பரில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. பெரிய உதவிதான். ஆனால் அது ஆண்டுக்கு 38 வாரங்களுக்கான கணக்கு. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை ஐந்து நாளும் விட வேண்டிய குடும்பத்துக்கு வாரத் தேவை 50 மணி. ரயிலில் போகும் நேரத்துக்கும் நர்சரிக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதே தூர ஊரின் தனி வரி.

பள்ளிக்குப் போகத் தொடங்கினால் சுமை குறையும் என்று நினைப்பார்கள். கூடுகிறது. பள்ளி மூன்று மணியை ஒட்டி விட்டுவிடும். ஆண்டில் 13 வாரம் விடுமுறை, அதாவது 65 வேலை நாட்கள். சட்டப்படியான ஊதிய விடுப்பு, வங்கி விடுமுறைகளையும் சேர்த்து ஒருவருக்கு 28 நாள். கணவனும் மனைவியும் ஒரு நாள்கூட ஒன்றாக விடுப்பு எடுக்காமல் முறை வைத்தாலும் 56 நாள்தான் வருகிறது. எஞ்சியதற்குப் பணமோ பாட்டியோ வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலான வீடுகளில் ஒருவர் லண்டன் வேலையை விட்டு உள்ளூரில் சிறிய வேலைக்கு மாறுகிறார், அல்லது நாட்களைக் குறைத்துக்கொள்கிறார். யார் அந்த ஒருவர் என்பதில் ஆய்வுகளுக்கு ஐயமில்லை. முதல் குழந்தை பிறந்த பிறகு பெண்களின் வேலைப் பயண நேரம் குறையத் தொடங்குகிறது, ஆண்களுடையது அப்படிக் குறைவதில்லை என்று நிதி ஆய்வு நிறுவனம் 2018இல் காட்டியது. அதே நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கையின்படி, முதல் குழந்தைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது பெண்களின் மணிக்கூலி ஆண்களுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு பின்தங்கியிருக்கிறது. குழந்தைக்குப் பிறகு பக்கத்தில் கிடைக்கும் வேலையே போதும் என்று ஒதுங்குபவர் பெண்ணாக இருப்பதும், சம்பளப் பள்ளம் அகலுவதும் ஒரே காலத்தில் நடக்கின்றன.

வேலையை விடாமல் ரயிலில் தொடர்கிற பெண்ணின் நிலை என்ன? ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ராபர்ட் ஹாட்சன், பால் டோலன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தினசரிப் பயணம் பெண்களின் மனநலத்தைக் குறைக்கிறது, ஆண்களிடம் அத்தகைய விளைவு காணப்படவில்லை என்றது. பள்ளி செல்லாத சிறு குழந்தைகள் உள்ள பெண்களிடம் அது இன்னும் கூடுதல். தூரம் இருவருக்கும் ஒன்றே. ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு வீடு போய்ச் சேர்வது ஒரு முடிவு. பெண்ணுக்கு அது அடுத்த வேலையின் தொடக்கம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, ஒருவழிப் பயணம் 61 முதல் 90 நிமிடம் வரை ஆகிறவர்களின் மனநிறைவே மிகவும் பாதிக்கப்படுகிறது என்றது. விளம்பரத்தின் 35 நிமிடம், வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்கிட்டால் அந்த வட்டத்துக்குள்தான் போய் விழுகிறது.

இதெல்லாம் ரயில் ஒழுங்காக ஓடினால். 2018 மே 20 அன்று இந்தத் தடத்திலும் வட இங்கிலாந்திலும் புதிய கால அட்டவணை அமலுக்கு வந்தது. ரயில்கள் நூற்றுக்கணக்கில் ரத்தாயின. வாரக்கணக்கில் நடைமேடைகள் திணறின. யாரும் பொறுப்பெடுக்கவில்லை என்பதே ரயில் ஒழுங்குமுறை அமைப்பின் விசாரணை கண்ட முடிவு. அலுவலகத்துக்குத் தாமதமானால் ஒரு மன்னிப்போடு போகும். கதவு மூடிய நர்சரியில் தன் குழந்தை மட்டும் கோட்டு மாட்டியபடி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்து, வழியில் நின்றுபோன ரயிலில் இருப்பவருக்கு மன்னிப்புக் கேட்க ஆள்கூட இல்லை.

பாட்டி இல்லாத ஊர்

1957இல் மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பற்றிய புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். நெரிசலான அந்தத் தெருக்களில் மணமான மகளும் அவள் தாயும் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தார்கள். குழந்தை வளர்ப்பு அந்த இரண்டு சமையலறைகளுக்கும் இடையில் நடந்தது. புறநகரின் புதிய குடியிருப்புக்குப் போனவர்களுக்குத் தோட்டமும் குளியலறையும் கிடைத்தன; தாய் கிடைக்கவில்லை. பெண்கள் தனிமையில் விழுந்தார்கள். அவர்கள் நகராட்சி வீடு கேட்டுப் போன தொழிலாளர்கள், இன்று ஹிட்சினுக்கு வருபவர்கள் கடன் வாங்கி வீடு வாங்கும் சம்பளக்காரர்கள். பணத்தில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் கணக்கில் விட்டுப்போவது அதே ஆள்தான்.

லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையாகத் தைக்கும். வெம்பிளி, ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பகுதிகளில் அடர்ந்து வாழ்வதன் பொருள் கறிவேப்பிலை கிடைப்பது மட்டுமில்லை. பள்ளி விட்டதும் பிள்ளையை அழைத்து வர இரண்டு தெரு தள்ளி ஒரு சித்தியோ மாமியோ இருப்பார். யாழ்ப்பாணத்து அம்மம்மாவுக்குப் பேச ஆள் இருக்கும். கோயிலுக்கு அவர் தனியே பேருந்தில் போய்வருவார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கும். சந்தை நகரத்தில் நாலு அறை வீடு வாங்கினால் பாட்டிக்குத் தனி அறை கிடைக்கும். அந்த அறையின் சன்னலிலிருந்து அவர் பார்க்கும் தெருவில் அவருக்குத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார். தமிழ்ப் பள்ளிக்காக வாரக் கடைசியிலும் லண்டனை நோக்கிக் காரெடுக்கும் குடும்பம், வாரத்தின் ஆறாவது நாளையும் பயணத்துக்குக் கொடுக்கிறது.

குழந்தைக்குக் கிடைப்பது

எதிர்த் தட்டில் உள்ளதையும் நேர்மையாக வைக்க வேண்டும். குழந்தை கிடைத்த ஊரில் வேர் பிடித்துவிடும். பள்ளிக்கு நடந்தே போகும், வழியில் மூன்று பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை ஹிட்சின் சந்தையில், செயின்ட் மேரி தேவாலயத்தின் பக்கம், வகுப்புத் தோழனின் தாத்தாவைப் பார்க்கும். வாத்துகளுக்குத் தீனி போட ஆறு இருக்கிறது, மிதிவண்டி பழக வெளி இருக்கிறது. லண்டன் அடுக்ககத்தில் இரண்டு குழந்தைகளை ஒரே அறையில் உறங்கவைத்துப் பழகிய பெற்றோருக்கு, கதவைத் திறந்து தோட்டத்தில் விடுவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை மறுக்க முடியாது. குழந்தைதான் முதலில் அந்த ஊர்க்காரர் ஆகிறது. பகலில் ஊரில் இருப்பவர் இரண்டாவதாக ஆகிறார். ரயிலேறிப் போகிறவர் கடைசியில், சில நேரம் ஓய்வு பெற்ற பிறகுதான்.

கொரோனாவுக்குப் பிறகு கணக்கு சற்று மாறியது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் அலுவலகம் என்பது பலருக்கு வழக்கமாயிற்று. 28 நாளில் 8 நாள் பயணத்துக்கான சீசன் சீட்டு 2021இல் வந்தது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான நேரம் கேட்கும் உரிமை 2024 ஏப்ரலில் சட்டமாயிற்று. இவற்றால் உண்மையிலேயே பயன் உண்டு. ஆனால் கேட்கும் உரிமை என்பது பெறும் உரிமை ஆகாது. நிறுவனம் நாளை ஐந்து நாளும் வா என்று சொன்னால், மூன்று நாள் தூரத்தில் வாங்கிய வீட்டை ஐந்து நாள் தூரத்துக்கு நகர்த்த முடியாது.

ஐந்து மாலைகள்

ஆகவே குடிபெயரலாமா என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரை வேண்டாம் என்று பதில் சொல்லவில்லை. கணக்கை மாலையிலிருந்து தொடங்குங்கள் என்கிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் வெயில் அடிக்கும் சனிக்கிழமை பகலில் போகிறார்கள்; அன்று எந்தச் சந்தை நகரமும் அழகாகத்தான் இருக்கும். நவம்பர் மாதத்தில் மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை, லண்டன் அலுவலக வாசலிலிருந்து நர்சரி வாசல் வரை இருவரும் தனித்தனியே ஒருமுறை பயணம் செய்து நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். சமையலறை எத்தனை அடி என்று அளப்பதற்கு முன்னால் நர்சரிக்கும் நடைமேடைக்கும் எத்தனை நிமிடம் என்று அளக்க வேண்டும். பள்ளியின் பெயருக்கு அடுத்தபடி, பள்ளி முடிந்தபின் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் கிளப்பில் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். ரயில் நின்றுபோகும் நாளில் தொலைபேசியில் கூப்பிட்டால் பிள்ளையை அழைத்துப்போக ஊருக்குள் ஒருவராவது கிடைப்பாரா என்று யோசிக்க வேண்டும்.

பிறகு ஒரு தாளில் திங்கள் முதல் வெள்ளி வரை எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் நேராக, மாலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கப் போகிறவரின் பெயரை எழுதிப் பாருங்கள். பிராக்டனின் கணக்கில் வீடு திரும்புவது நாளின் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. அதை ஒதுக்காமல் சந்தைக்கு இடம் குறிக்கவில்லை. அந்தத் தாளில் ஐந்து நாளும் ஒரே பெயர் வந்தால், வீட்டின் விலை விளம்பரத்தில் போட்டிருப்பது இல்லை. அந்த ஒருவரின் வருங்காலச் சம்பளத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.